மூக்கிற்கு ஒரு அடி முன்னால்

இத்தாலியின் வடமேற்கில், பிரான்சு எல்லையை ஒட்டி, ஜெர்மனாஸ்கா என்றொரு மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலை எழும்பிய காலத்து அழுத்தத்திலும் சூட்டிலும், சிலிக்கா கரைந்த வெந்நீர் மக்னீசியம் மிகுந்த பாறைக்குள் ஊறி, அந்தப் பாறையையே வேறொன்றாக மாற்றியது. அப்படிப் பிறந்த கனிமம்தான் டால்க். நகத்தால் கீறினால் கோடு விழும். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் வரிசையில் அதற்கு 1. அதற்குக் கீழே எதுவும் இல்லை. நம் ஊர்க் கல்சட்டிக்கும் சிலேட்டுப் பலப்பத்துக்கும் எடுக்கிற மாக்கல்லில் பெரும்பங்கு இதுவே. அதன் அமைப்பு தாள் தாளானது. தாள்களுக்கு நடுவே பிடிப்பு மிகக் குறைவு என்பதால், தள்ளிய சீட்டுக்கட்டுப்போல ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிப் போகும். முகத்தில் தடவும்போது விரலுக்குத் தெரியும் வழவழப்பு அந்தச் சறுக்கல்தான்.

டால்க் பிறக்கும் இடத்தில் வேறு சிலவும் பிறக்கும். வெந்நீரின் சூடும் சேர்மானமும் சற்று மாறினால் அதே பாறை டிரெமோலைட்டாகவோ ஆந்தோஃபில்லைட்டாகவோ கிரைசோடைலாகவோ ஆகிவிடும். இவை நூலிழையாக வளர்ந்தால் அதற்குப் பெயர் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். எல்லா டால்க் சுரங்கத்திலும் இது உண்டு என்பதில்லை. ஆனால் ஒரே மலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடும். பிரான்சில் பிரனீஸ் மலைமேல், லுசெனாக் ஊருக்கு மேலே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. பனி விலகும் மாதங்களில் மட்டுமே அங்கே வெட்டுவார்கள். ராஜஸ்தானிலும் சீனாவின் குவாங்ஸியிலும் அமெரிக்காவின் வெர்மான்டிலும் வெட்டியிருக்கிறார்கள். அங்கெல்லாம் நிலவியலாளரின் முதல் வேலை, வெள்ளைப் பாறை எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதே.

மலையில் பாறையாக இருக்கும்வரை டால்க் யார் மூச்சிலும் போகாது. அதைக் காற்றில் ஏற வைப்பது அரவை ஆலை. உடைத்து, அரைத்து, தூய்மை செய்து, மீண்டும் நுணுக்கி அனுப்பும்போது பெரும்பாலான துகள்கள் மனித முடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறுத்திருக்கும். முகப்பவுடருக்கு நுணுக்கம் வேண்டும்; இல்லையென்றால் தோலில் நறநறக்கும். வாங்குபவர் விரும்பும் அதே நுணுக்கம்தான் துகளை மூக்குவரை கொண்டுவருகிறது. இந்த இரண்டையும் பிரித்துவிட வழியே இல்லை. இந்தக் கதையின் முடிச்சு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

1892இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்கு ஒரு மருத்துவரிடமிருந்து கடிதம் வந்தது: மருந்துப் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் நோயாளிக்குத் தோல் எரிகிறது. நிறுவனத்தின் அறிவியல் பிரிவுத் தலைவர் ஃபிரெடரிக் கில்மர், அதற்கு மருந்தாக இத்தாலிய டால்க் அடைத்த சிறு டப்பா ஒன்றை அனுப்பிவைத்தார். 1894இல் அது குழந்தைப் பவுடராகக் கடைக்கு வந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இத்தாலிய மலைக் கல்லே அமெரிக்க டப்பாவுக்குள் போயிற்று. 1960களின் நடுவில் வெர்மான்ட் சுரங்கங்கள் அந்த இடத்துக்கு வந்தன. 2003க்குப் பிறகு சீனக் கல். டப்பாவின் மேல் இருந்த குழந்தைப் படமும் மணமும் ஒன்றுபோலவே இருக்க, உள்ளே இருந்த மலை மட்டும் இரண்டு முறை மாறியது.

இனி டப்பாவிலிருந்து கைக்கு.

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியதும், நம் வீடுகளில் சாம்பிராணிப் புகை காட்டியபின் பஃபை எடுத்துக் கழுத்து, கக்கம், தொடையிடுக்கு என்று ஒற்றுவார்கள். ஒற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு மேகம் எழும். அதில் பெரிய துகள்களின் பயணம் அநேகமாக அப்போதே முடிந்துவிடும். 100 மைக்ரான் விட்டமுள்ள நீர்த்துளி அளவுக்கு நடந்துகொள்ளும் துகள், அசைவற்ற காற்றில் நொடிக்கு 25 சென்டிமீட்டர் இறங்கும். ஆறு நொடியில் தரை. 10 மைக்ரான் துகள் நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். நிற்கும் ஆளின் மூக்கு உயரத்திலிருந்து தரை சேர எட்டு நிமிடத்துக்கு மேலாகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாள் வேண்டும். உண்மையான அறையில் காற்று ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை. ஆகவே அது இறங்கவே போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கதவு திறந்தால் வெளியே போகும், ஆள் நடந்தால் மீண்டும் சுழலும், அல்லது ஒருவர் மூச்சில் போகும். பூசிய கை அறையை விட்டுப் போன பிறகும் மேகத்தின் மிக நுண்ணிய பகுதி அங்கேயே இருக்கும். தரைக்கு அருகே பாயில் படுத்திருக்கும் குழந்தையும் அங்கேயேதான் இருக்கும்.

நீர்த்துளி அளவுக்கு நடந்துகொள்ளும் துகள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் உண்டு. டால்க் துகள் உருண்டை இல்லை, தட்டை. நுண்நோக்கியில் 15 மைக்ரான் அகலம் காட்டும் தகடு, காற்றில் அதைவிடச் சிறிய உருண்டையாக நடந்துகொள்ளும். மூச்சுக்குக் கணக்கு, துகள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது அல்ல, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே. சல்லடையில் சலித்து, 'இந்தக் கண்ணில் இத்தனை சதவீதம் இறங்கியது' என்று சொல்லும் தரச் சோதனை பவுடரின் மென்மையைச் சொல்லும். மூச்சைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மூக்கு வாசலில் துகளின் விதி மறுபடி பிரிகிறது. பெரியவை மூக்கிலேயே மோதி ஒட்டிக்கொள்ளும். சளியோடு வெளியேறும், அல்லது விழுங்கப்படும். ஏறத்தாழ 10 மைக்ரானுக்குக் கீழுள்ளவற்றில் ஒரு பங்கு மூச்சுக்குழாயைத் தாண்டும். 4 மைக்ரான் அளவில் ஏறத்தாழ பாதி, கடைசி வாசலான காற்று நுண்ணறைகள்வரை போகக்கூடும் என்று தொழில்சார் சுகாதார அறிவியல் கணக்கு வைத்திருக்கிறது. அங்கே சளி இல்லை, துடைத்துத் தள்ளும் மயிரிழைகளும் இல்லை. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள்தான் காவல். டால்க் நீரில் கரையாது என்பதால் அவை விழுங்கினாலும் செரிக்க முடியாது.

இதில் அளவு எவ்வளவு முக்கியம் என்று காட்ட, பவுடருக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஒரு மருத்துவச் செய்தி போதும். புற்றுநோயால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டே இருந்தால், நீரை வடித்துவிட்டு, நுரையீரல் உறையின் இரு தாள்களுக்கும் நடுவே டால்க்கைத் தூவி அவற்றை ஒட்டவைப்பது நெடுநாள் சிகிச்சை. டால்க்கால் உறையை ஒட்டவைக்கும் முறையை 1935இல் நார்மன் பெத்யூன் முதலில் கையாண்டார். கனடாவில் பிறந்து, பின்னாளில் போர்க்காலச் சீனாவில் உயிர்விட்ட மருத்துவர் அவர். சில நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் கடுமையான மூச்சுத் திணறல் வந்தது. 10 மைக்ரானுக்குக் கீழுள்ள துகள்களைப் பெரும்பாலும் நீக்கிய டால்க்கை வைத்துச் செய்தபோது அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. ஒரே கல்தான், நுண்மையான பகுதியை எடுத்துவிட்டதும் உடல் வேறு மாதிரி ஏற்றுக்கொண்டது.

டால்க் தூசு நுரையீரலில் நோய் உண்டாக்கும் என்பதை 1896இலேயே எழுதிவிட்டார்கள். அது சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்களின் நோய். வீட்டுக்குள் முதலில் அச்சுறுத்தியது வேறு வகை: டப்பாவை விளையாடக் கொடுக்க, மூடி திறந்து, குழந்தையின் முகத்தில் மொத்தமாகக் கொட்டி, மூச்சுக்குழாயே அடைத்துக்கொண்ட நிகழ்வுகள். சில குழந்தைகள் இறந்தன. 1969 முதல் குழந்தை மருத்துவ இதழ்களில் இந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இன்றும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டால்க் பவுடர் டப்பாவில், குழந்தையின் மூக்கு வாய்க்கு அருகே கொண்டுபோகாதீர்கள் என்று அச்சிடக் கட்டாயப்படுத்துகிறது.

கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். தினமும் சரியாகப் பூசினால் எவ்வளவு உள்ளே போகிறது? இந்தக் கேள்விக்கு டப்பாவைப் பார்த்து விடை சொல்ல முடியாது. துகளை அது போகும் வழியிலேயே பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் கலையைச் சுரங்கங்கள்தான் வளர்த்தன. 1930களில் தூசுக் காற்றைக் கண்ணாடிக் குப்பியிலுள்ள நீருக்குள் வேகமாக ஊதி, சிக்கிய துகள்களை நுண்நோக்கியின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எண்ணுபவரின் கண் அசந்தால் எண்ணிக்கையும் அசரும். 1959இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய தூசு நோய் மாநாடு ஒரு முக்கியமான முடிவெடுத்தது: தூசு முழுவதையும் அல்ல, நுரையீரலின் ஆழத்துக்குப் போகக்கூடிய பங்கை மட்டும் பிரித்து அளக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான கருவி சைக்ளோன். கட்டைவிரல் அளவுக் குழாய். பம்பு இழுக்கும் காற்று உள்ளே சுழல, கனமான துகள்கள் ஓரத்தில் மோதி அடியில் விழும். இலகுவானவை மட்டும் நடுவே ஏறி வடிதாளில் படியும். மூக்கு செய்யும் வேலையை அது ஓரளவு செய்கிறது. பம்பு இடுப்பில், சைக்ளோன் சட்டைக் காலரில். ஏன் காலரில்? மூக்கைச் சுற்றி ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் காற்றுதான் மூச்சாகிறது. அறையின் மூலையில் வைத்த கருவி அறையின் மூலையைத்தான் அளக்கும்.

1979இல் இந்தக் கருவி குளியலறைக்குள் நுழைந்தது. சாதாரணமாகப் பூசும்போது மூச்சில் போகக்கூடிய டால்க் எவ்வளவு என்று ஏலட்டும் கூட்டாளிகளும் ஒப்பனை அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள். அதே ஆண்டில் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் டால்கம் பவுடரில் மூச்சுக்குரிய துகள்களைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். எழுதுவது எளிது, செய்தவர்களுக்குத் தெரியும் இதன் சிரமம். சுரங்கத் தொழிலாளியின் காலரில் பம்பு எட்டு மணி நேரம் ஓடும். பவுடர் பூச இரண்டு நிமிடம் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பம்பு நிமிடத்துக்கு 2 லிட்டர் இழுத்தால் மொத்தம் 4 லிட்டர் காற்று. கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் தூசு இருந்தால், வடிதாளில் சேர்வது 8 மைக்ரோகிராம். இந்த 8 மைக்ரோகிராமை நுண்தராசில் நிறுக்க வேண்டும். வடிதாள் அறையின் ஈரத்தை உறிஞ்சினாலே எடை அதைவிட அதிகம் மாறிவிடும். அதனால் வடிதாளை ஒரே ஈரப்பதத்தில் நெடுநேரம் வைத்திருந்து, மின்னேற்றத்தை நீக்கி, வெறும் வடிதாளை இணையாக நிறுத்து, ஒரே ஆளைப் பலமுறை பூசவைத்துச் சேர்த்து அளக்கிறார்கள். ஒளிச்சிதறலால் நொடிக்கு நொடி எண் காட்டும் கருவிகளும் உண்டு. அவை வழக்கமாக அரிசோனா மணல் தூசை வைத்து அளவு திருத்தப்பட்டவை. தட்டையான டால்க் வேறு மாதிரி ஒளியைச் சிதறடிப்பதால், வடிதாள் எடையோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் அந்த எண்ணை நம்பக்கூடாது.

2012இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நசரென்கோ, லியோய், மெய்னெலிஸ் குழு இதை இன்னும் நெருங்கிச் செய்தது. பால் லியோய், 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் சரிந்தபோது எழுந்த தூசியை ஆராய்ந்தவர்; மனிதர் எதை எவ்வளவு சந்திக்கிறார் என்பதையே ஒரு துறையாக வளர்த்தவர்களில் ஒருவர். இந்தக் குழு பொம்மைத் தலை ஒன்றின் முகத்தில் பவுடரைப் பூசி, அந்தப் பொம்மையின் மூக்குத் துளை வழியாகவே காற்றை இழுத்து, 14 நானோமீட்டர் முதல் 20 மைக்ரான்வரை துகள்களைத் தரம்பிரித்தது. நானோ என்று விளம்பரப்படுத்திய பவுடர்களையும் சாதாரணப் பவுடர்களையும் ஒப்பிட்டார்கள். நானோ துகள்கள் தனித்தனியாக வருவதில்லை. பெரும்பாலும் கொத்தாகவோ பெரிய துகளின் மேல் ஒட்டியோ வருகின்றன. மூக்கால் மூச்சுவிட்டால், உள்ளே போய்ப் படிவதில் 85 முதல் 93 சதவீதம் தலைப்பகுதிப் பாதையிலேயே தங்குகிறது. நுண்ணறைகளுக்குப் போவது 10 சதவீதத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். நானோ என்றாலே ஆழம்வரை போய்விடும் என்று பயந்தவர்களுக்கும், பவுடர்தானே என்று அலட்சியமாக இருந்தவர்களுக்கும் இந்த எண்கள் பதில் வைத்திருக்கின்றன. மூக்கடைத்து வாயால் மூச்சுவிடும் குழந்தைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

அளந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் தொழிலாளருக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை, ஒரு வேலை நாள் முழுதின் சராசரியாகக் கன மீட்டருக்கு 2 மில்லிகிராம். இரண்டு நிமிடம் 2 மில்லிகிராம் தூசில் இருந்ததை 8 மணி நேரத்துக்குப் பரப்பினால் 0.008 மில்லிகிராம்தான் வரும். எல்லையில் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கு. கணக்கு தவறில்லை. ஆனால் அந்த எல்லை ஆரோக்கியமான, வளர்ந்த தொழிலாளியை மனதில் வைத்து வகுத்தது. கைக்குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சுவிடும். உடல் எடைக்குக் கணக்கிட்டால் பெரியவரைவிட அதிகக் காற்று. அதற்கு ஒரு தொழிற்சாலை எல்லையைக் கடன் வாங்கி, பத்திரம் என்று முத்திரை குத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எலிகளிடமும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம், கல்நார் இல்லாத டால்க்கைக் கன மீட்டருக்கு 6, 18 மில்லிகிராம் அளவில், நாளுக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள் என்று இரண்டு ஆண்டுக்கு மேல் எலிகளைச் சுவாசிக்கவைத்து, 1993இல் அறிக்கை வெளியிட்டது. பெண் எலிகளுக்கு நுரையீரல் கட்டிகள் வந்தன, சுண்டெலிகளுக்கு வரவில்லை. நுரையீரல் துடைத்துத் தள்ள முடியாத அளவு தூசு திணிக்கப்பட்டதால் வந்த கட்டி அது, வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாது என்று எதிர்வாதம் எழுந்தது. அந்த வாதத்தில் வலு இருக்கிறது. அந்த வலுவும்கூட, வீட்டில் எவ்வளவு என்று யாராவது நேர்மையாக அளந்து வைத்திருந்தால்தான் நிற்கும்.

எடை என்ற அளவே கைவிட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: சுரங்கத்தில் டால்க்குக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அந்த இழை. 5 மைக்ரான் நீளமும் கால் மைக்ரான் தடிமனும் உள்ள கல்நார் இழையை எடுத்துக்கொண்டால், ஒரு மைக்ரோகிராமில் அப்படிப்பட்டவை பத்து லட்சத்துக்கு மேல் அடங்கும். எந்தத் தராசும் அதைப் பார்க்காது. 1968இல் கிராலியும் கூட்டாளிகளும் கடையில் வாங்கிய 22 டால்கம் பவுடர்களைப் பார்த்து, எல்லாவற்றிலும் இழை வடிவத் துகள்கள் இருப்பதாக எழுதினார்கள். 1976இல் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியின் ரோல், லாங்கர், செலிகாஃப் உள்ளிட்டோர் 20 பவுடர்களைச் சோதித்ததில் 10இல் டிரெமோலைட்டோ ஆந்தோஃபில்லைட்டோ இருந்தது. அதே 1976இல் அமெரிக்க ஒப்பனைத் தொழில் சங்கம் தனக்கென்று ஒரு சோதனை முறையை வகுத்துக்கொண்டது. எக்ஸ்-கதிர் வழியான அந்த முறையின் கண்டறியும் எல்லை 0.5 சதவீதம், கிரைசோடைலை அது தேடவே இல்லை. ஒரு கிராம் பவுடரில் 0.5 சதவீதம் என்றால், மேலே சொன்ன அளவு இழைகளாக வைத்துப் பார்த்தால், பல நூறு கோடி. 'கண்டறியப்படவில்லை' என்ற முத்திரையோடு அத்தனையும் அந்தச் சோதனையைத் தாண்டிப் போக இடமிருந்தது. அந்த முத்திரையை நம்பித்தான் தாய்மார்கள் வாங்கினார்கள்.

எலக்ட்ரான் நுண்நோக்கி ஒற்றை இழையையும் தனியாகக் காட்டும். 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு டப்பாவில் அதிகபட்சம் 0.00002 சதவீதம் கிரைசோடைல் இருப்பதாக அறிவித்ததும், ஜான்சன் அண்ட் ஜான்சன் ஏறத்தாழ 33,000 டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. தாங்கள் ஏற்பாடு செய்த மறுசோதனையில் எதுவும் கிடைக்கவில்லை என்றும் அது சொன்னது. 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பவுடரை நிறுத்தியது. 2022இல் உலகெங்கும் சோளமாவுக்கு மாறுவதாக அறிவித்தது. 2024இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. ஒரு பொருள் நோயுண்டாக்கும் இயல்புடையதா என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும். எவ்வளவு சுவாசித்தால் எவ்வளவு ஆபத்து என்பதை அது சொல்லாது. அதற்கு மறுபடி அந்த வடிதாளிடமே போக வேண்டும்.

சோளமாவும் தூசுதான். அதன் மணிகள் தட்டையானவை அல்ல, பெரும்பாலும் பத்து மைக்ரானை ஒட்டியோ மேலோ இருப்பவை. உடலால் கரைக்கக் கூடியவை. நுண்ணறைவரை போகும் பங்கு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். குழந்தையின் முகத்துக்கு நேரே உதறினால் அதுவும் மூச்சில்தான் போகும். டப்பாவைத் தள்ளிப் பிடித்து, கையில் கொஞ்சம் கொட்டித் தேய்த்து, கையால் தடவினால் மேகம் வெகுவாகக் குறையும். பஃபு இல்லாமலே பூசிவிடலாம்.

கடைசியாக ஒருவர் இருக்கிறார். முடி வெட்டி முடித்ததும் பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு வாடிக்கையாளரின் பிடரியில் தட்டுகிறாரே, சலூன்காரர். வாடிக்கையாளர் மாதத்துக்கு ஒருமுறை அந்த மேகத்தில் அரை நிமிடம் இருப்பார். தட்டுபவர் நாளுக்கு இருபது, முப்பது மேகங்களில், அதே சிறிய அறையில், மின்விசிறியின் கீழ் நிற்கிறார். காலையில் எழுந்த நுண்துகள் மாலைவரை அவரோடு இருக்கிறது. 8 மணி நேரச் சராசரி என்ற அளவு உண்மையிலேயே பொருந்துவது இவருக்குத்தான். பம்பை இடுப்பில் கட்டி, சைக்ளோனைக் காலரில் மாட்டி, கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை ஓடவிட்டால் வடிதாளில் நிறுக்கத்தக்க எடை சேரும். அதையே எலக்ட்ரான் நுண்நோக்கியில் வைத்தால் இழை இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, பத்துக் கடைகளில் இதைச் செய்து பார்க்கலாம்.